குழி எண் ஒன்று

குழிக்கு நம்பர் போட்ட அன்றுதான் சாம்பசிவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அதுவரை அது வெறும் குழி. மைசூரில், யாதவகிரி ரயில்வே குவார்ட்டர்ஸ் முடிந்து சொந்த வீடுகள் ஆரம்பிக்கும் அந்தத் தெருவில் சாக்கடையை மூடியிருந்த கல் பலகைகள்தான் நடைபாதை. பங்குனி மாதத்தில் ஒருநாள் தண்ணீர் லாரி ஒன்று பஸ்ஸுக்கு வழி விடுவதற்காக ஓரம் ஒதுங்கியது. ஒரு பலகை இரண்டாக உடைந்து சாக்கடைக்குள் போயிற்று. சாம்பசிவன் வீட்டு கேட்டிலிருந்து சரியாகப் பதினான்காவது காலடியில்.

பதினான்கு என்பது அவர் மனைவி அன்னபூர்ணியின் கணக்கு.

அன்னபூர்ணிக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறி, பார்வை நாலு பக்கத்திலிருந்தும் உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது. எதிர்ச்சுவர்க் காலண்டரில் தேதி தெரியும். காலடியில் கிடக்கும் செருப்பு தெரியாது. "அடுத்த தசராவுக்கு அரண்மனை விளக்கு தெரிஞ்சா அதிர்ஷ்டம்னு வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார் கண் டாக்டர். அவள் அழவில்லை. மறுநாள் விடியற்காலை செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி எண்ண ஆரம்பித்தாள்.

கேட்டிலிருந்து அறுபதாவது காலடியில் தூங்குமூஞ்சி மரத்து வேர். நூற்று முப்பத்தொன்றில் தெருக்குழாய். அங்கே வலது பக்கம் திரும்பினால் இருநூற்றுப் பன்னிரண்டில் தங்கை விசாலாக்ஷி வீட்டு கேட். பிள்ளை பம்பாயில். இந்த ஊரில் அவளுக்கு என்று இருந்த ஒரே ஆள் விசாலாக்ஷிதான்.

"நான் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போறேனே. என்னத்துக்கு எண்றே?" என்றார் சாம்பசிவன்.

"உங்களுக்கு அறுபத்திரண்டு வயசாச்சே. நாளைக்கு உங்க கையை நான் பிடிச்சுக்கும்படி ஆயிடுத்துன்னா? கண்ணு இருக்கறப்போவே காலுக்குச் சொல்லிக் குடுத்துடறேன். அப்புறம் கண்ணு போனாலும் காலு போகும்."

அந்தப் பாடத்தின் பதினான்காம் இடத்தில்தான் இப்போது இரண்டடி அகலத்துக்கு ஓட்டை.

வேறு யாராக இருந்தாலும் பழைய கதவுப் பலகை ஒன்றைத் தூக்கி அதன்மேல் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். சாம்பசிவன் அப்படிப்பட்டவர் அல்ல. ரயில்வே டிவிஷன் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்து, ஹெட்கிளார்க்காக ரிடையர் ஆனவர். எந்தத் தொல்லையையும் முறைப்படி எழுதி உரிய இடத்தில் கொடுத்தால், உரிய நேரத்தில் தீர்ந்தே ஆகும் என்று நம்புகிறவர். முழத்தடியையும் நூலையும் எடுத்துக்கொண்டு குழியின் ஓரம் குந்தினார். நீளம் இரண்டடி மூன்று அங்குலம். அகலம் ஒரு அடி பத்து அங்குலம். ஆழம் மூன்றடி, அதில் சேறு ஏழு அங்குலம். கேட் தூணிலிருந்து தூரம், தண்ணீர் ஓடும் திசை, எல்லாவற்றையும் சிவப்பு மசியில் ஒரு வரைபடமாகப் போட்டார். மூன்று பிரதி எடுத்தார். தெரு மற்றும் நடைபாதைச் சீரமைப்பு மண்டலிக்குக் கொண்டு போய்க் கொடுத்து, ரசீது வாங்கி வந்தார்.

அந்த ரசீதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்ட மாதிரி, பிள்ளை பிறந்தபோதுகூடச் சந்தோஷப்பட்டதில்லை என்று அன்னபூர்ணி பிற்பாடு சொன்னாள்.

*

ஒன்பதாம் நாள் காலை, சைக்கிளில் வெள்ளை பெயிண்ட் டப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தையன் வந்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் கௌதள்ளிக்காரன். மண்டலியில் அளவுக்காரன். குழியைச் சுற்றி நிதானமாக ஒரு வெள்ளை வட்டம் போட்டான். வட்டத்துக்குப் பக்கத்தில் பெரிதாக '1' என்று எழுதினான். இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்து அழகு பார்த்தான்.

"எப்போப்பா மூடுவேள்?" என்றார் சாம்பசிவன் கேட்டுக்குள் நின்றபடி.

"மூடறதுக்கு வல்லீங் சாமி. நெம்பர் போட வந்தனுங்."

"நம்பர் போட்டாச்சு. மூடறது எப்போ?"

சித்தையன் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் துடைத்தான். "நெம்பர் போட்டுட்டா மூடப்படாதுங் சாமி. நெம்பர் இல்லாத குழியா இருந்திருந்தா நானே ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பனுங். இது இப்ப ஆபீசுக் குழிங்."

அப்போதுதான் அந்தப் பயம் வந்தது.

*

மண்டலியின் ஆபீசுக்குள் போக, வாசலில் உடைந்திருந்த படிக்கட்டின்மேல் போட்ட பலகையைத் தாண்ட வேண்டும். ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறி நாலு வருஷம் ஆகியிருந்தது. பழைய பெயர் அச்சடித்த காகிதம் இன்னும் தீரவில்லை. அதனால் ஒருவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு உதவியாளர் ஒருவர். உதவியாளர் அடிப்பார், இவர் எழுதுவார்.

பிரிவு மேலாளர் ஆழ்வார், மேல்கோட்டைப் பக்கத்து மனிதர். நெற்றியில் திருமண், மேஜைமேல் வெள்ளித் தம்ளரில் ஜீரகத் தண்ணீர். சாம்பசிவன் பெயரைச் சொன்னதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"நீங்களா ஸ்வாமி? உட்காருங்கோ, உட்காருங்கோ. எப்பேர்ப்பட்ட மனு. நோடி, பாருங்கோ, இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மனுவை நான் பார்த்ததில்லை. சேத்துக்குத் தனியா அளவு குடுத்திருக்கேளே, அங்கேதான் நான் விழுந்துட்டேன்."

"யாரும் விழப்படாதுன்னுதான் நான் எழுதினேன்" என்றார் சாம்பசிவன். "ஆத்துக்காரிக்குக் கண்ணு சரியில்லை. தசராவுக்குள்ள அவள் இந்தத் தெருவைப் பழகிக்கணும். ஒரே ஒரு பலகைக் கல். நானே வாங்கித் தந்துடறேன்."

ஆழ்வாரின் முகத்தில், சின்னக் குழந்தை சுவாமி விக்கிரகத்தைத் தொடப் போனால் அர்ச்சகர் முகத்தில் வருமே, அந்த அன்பான பதற்றம் வந்தது.

"ஸ்வாமி, விஷயம் அப்படி இல்லை. தெருவெல்லாம் ரிப்பேர் பண்ணப் பணம் வேணும். பணத்துக்கு நடைபாதை வரின்னு ஒண்ணு போடப் போறோம். வீட்டு முகப்பு எத்தனை அடியோ அத்தனைக்கு. வரி போடணும்னா தீர்மானம், அதான் பிரஸ்தாவம், வேணும். பிரஸ்தாவத்துக்குப் பழுதுப் பட்டியல் வேணும். பட்டியல்ல முதல் இடம் உங்க குழிக்கு. ஏன்னா, அளவோட வந்த குழி ஊரிலேயே அது ஒண்ணுதான். மத்தவா எல்லாம் 'பெரிய குழி, ஐயோ குழி'ன்னு எழுதியிருக்கா. அதை வெச்சு வரி போட முடியுமோ?"

"சரி. பட்டியல்லதான் சேர்த்தாச்சே. இனிமே மூடலாமோல்லியோ?"

"மூடினா பட்டியல் பொய்யாயிடும். பட்டியல் பொய்னா பிரஸ்தாவம் விழுந்துடும். பிரஸ்தாவம் விழுந்தா வரி இல்லை. வரி இல்லைன்னா குழியை மூடப் பணம் ஏது?" ஆழ்வார் ஜீரகத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "குழியை மூடணும்னா குழி திறந்து இருக்கணும். அஷ்டே, அவ்வளவுதான்."

சாம்பசிவனின் தலை சுற்றியது. சுற்றியபடியே, ஹெட்கிளார்க் புத்தி இதில் எங்கேயும் தப்பு இல்லை என்று சொல்லியது. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

போகும்போது ஆழ்வார் ஒரு தாளைக் கொடுத்தார். சாம்பசிவனின் மனு. சைக்ளோஸ்டைல் செய்து 'மாதிரி மனு' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். குழி உள்ள பொதுமக்கள் இதைப் பார்த்து எழுத வேண்டுமாம்.

பொதுமக்கள் பார்த்துத்தான் எழுதினார்கள். வரிக்கு வரி. ஒரு மாதத்துக்குள் ஊரின் நாலு மூலையிலிருந்தும் நாற்பத்துமூன்று மனுக்கள் வந்தன. எல்லாக் குழியும் இரண்டடி மூன்று அங்குல நீளம், ஒரு அடி பத்து அங்குல அகலம், ஏழு அங்குலச் சேறு. சித்தையன் போய் அளந்து, ஒன்றும் பொருந்தவில்லை என்று வந்து சொன்னான். மனுக்கள் பதிவாகிவிட்டன, இனிமேல் அவற்றில் கை வைக்க முடியாது என்றார் ஆழ்வார். உளியும் சுத்தியலும் கொடுத்து, அளவு குறைந்த குழிகளைத் திருத்திவிட்டு வரும்படி சித்தையனை அனுப்பினார்.

*

ஆனி மாதம் அன்னபூர்ணிக்கு எதிர்ச்சுவர்க் காலண்டரில் தேதி மறைந்தது. மாதத்தின் பெயர் மட்டும் தெரிந்தது.

அன்றைக்குத்தான் சாம்பசிவன் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முறை தவறி நடந்தார். கொல்லையில் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற இரண்டு பேரை அழைத்து வந்து, முதலில் தண்ணீர் போக இடம் விட்டுக் குழிக்குள் உடைந்த ஓடும் செங்கல்லும் கொட்டச் சொன்னார். பிறகு துவைக்கிற கல்லைத் தூக்கி மேலே வைத்தார்கள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மொத்த வேலையும் இருபது நிமிஷம்.

மறுநாள் காலை அன்னபூர்ணி இறங்கினாள். அவர் கேட்டில் நின்று பார்த்தார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. கால் கல்லில் பட்டது. செருப்பு கொஞ்சம் வேறு மாதிரி சத்தம் போட்டது. அவள் நின்றாள். திரும்பாமல், "துணி எங்கே துவைக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

"வாளியில அலசிக்கலாம்."

பதினைந்து, பதினாறு என்று அவள் போய்விட்டாள்.

பத்து நாளில் தெரு அவள் காலுக்குள் ஏறிவிட்டது. பதினோராம் நாள் கண்ணை வேண்டுமென்றே இறுக்க மூடிக்கொண்டு போய், விசாலாக்ஷி வீட்டிலிருந்து நாலு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு, அதே மாதிரி திரும்பி வந்தாள். வேர்த்துக் கொட்டியிருந்தது. முருங்கைக்காயை மேஜைமேல் வைத்துவிட்டு, "இனிமே போறதானா போகட்டும்னா. எனக்குப் பயமில்லை" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் நோட்டீஸ் வந்தது. பழைய ராஜ்யத்தின் பெயரை அடித்து, மேலே புதுப் பெயரைக் கையால் எழுதிய காகிதம். பட்டியலில் உள்ள பொதுச் சொத்தான குழி எண் ஒன்றை, எந்த அனுமதியும் பெறாமல் இல்லாமல் ஆக்கியதாகச் சாம்பசிவன்மேல் குற்றம். நடைபாதை வரி பற்றிய பொது விசாரணையில் ஆஜராக வேண்டும்.

*

விசாரணை ஒரு கல்யாணச் சத்திரத்தில் நடந்தது. முதல் நாள் கல்யாணத்து வாழைமரம் இன்னும் வாசலில் கட்டியிருந்தது. வந்தவர்களுக்கு வாசலில் பன்னீர் தெளித்தார்கள். பத்துப் படி ஏறுவதற்குள், வரி வேண்டாம் என்று கத்த வந்தவர்கள் பாதிப்பேர் தாங்கள் என்ன காரியத்துக்கு வந்தோம் என்பதையே மறந்து சாப்பாட்டுப் பந்தி எங்கே என்று தேடினார்கள்.

மண்டலித் தலைவர் மல்லாராத்யா, மைசூர்த் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு எழுந்தார். அவர் கன்னடத்தில் பேசினார். ரயில்வேயில் இருந்தபோது சாம்பசிவன் இதைவிட நீளமான சர்க்குலர்களைப் படித்திருக்கிறார், கன்னடமும் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாதென்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஊரில் குழி பெருகிவிட்டது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இந்த மண்டலி ஆரம்பித்த நாளில் பதிவான குழிகள் எழுபது. இன்றைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. இரண்டே வருஷத்தில் இந்த வளர்ச்சி. தென்னிந்தியாவில் வேறு எந்த ஊர் இதைச் செய்திருக்கிறது?"

முன்வரிசை கை தட்டியது. முன்வரிசை முழுக்க மண்டலி ஊழியர்கள்.

"குழியை மூடுவது சுலபம். அதற்கு ஒரு கல் போதும், இரண்டு ஆள் போதும். எந்த மூடனும் செய்வான். ஒரு குழியை இரண்டு வருஷம் மூடாமல் காப்பாற்றிக் கொடுக்கவே ஒரு நிர்வாகம் வேண்டும். ராத்திரி பகல் பாராமல் எங்கள் ஊழியர்கள் அந்தக் காவல் காக்கிறார்கள். அப்படிக் காப்பாற்ற வேண்டிய பட்டியலின் முதல் குழியை, ஒரு பென்ஷன்தாரர், தன் வீட்டுச் சௌகரியத்துக்காக..." தலைவர் குரல் தழுதழுத்தது. ஜேப்பிலிருந்து கைக்குட்டை வந்தது.

சாம்பசிவனைக் கூப்பிட்டார்கள். மேடைமேல் ஏறினார். பெரியவர்கள் முன் பேசி அவருக்குப் பழக்கமில்லை, எழுதித்தான் பழக்கம்.

"நான் வரி வேண்டாம்னு சொல்ல வரலை" என்று ஆரம்பித்தார். "வரி போடுங்கோ. ஒரு மடங்குக்கு இரண்டு மடங்கு போடுங்கோ. நான் தரேன். அந்தக் கல் மட்டும் இருக்கட்டும். அது ஒண்ணுதான் என் பிரார்த்தனை."

மேடையில் குழப்பம். ஆழ்வார் இரண்டு கட்டுப் படிவங்களைப் புரட்டினார். ஆட்சேபணைப் படிவம் மஞ்சள். ஆதரவுப் படிவம் பச்சை. வரியை ஆதரித்துக்கொண்டு குழியை எதிர்க்கிற ஆளுக்கு நிறம் கிடையாது.

"பச்சையில எழுதிக்கலாம்னா..." என்று ஆழ்வார் இழுத்தார். "பச்சைப் படிவம், குழியால பாதிக்கப்பட்டவாளுக்கு மட்டும். உங்களுக்குத்தான் குழியே இல்லையே ஸ்வாமி. பாதிக்கப்படாதவர் வரியை ஆதரிச்சா, அது வெளியார் தலையீடுன்னு ஆயிடும்."

"குழி இல்லாம பண்ணினதுக்குத்தானே என்னை வரச் சொன்னேள்?"

"அது குற்றம். இது ஆதரவு. இரண்டையும் கலக்கப்படாது."

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். மேலவீதியில் பூ விற்கிற கௌரம்மா. "எங்க வாசல் குழி நாற்பதாம் நம்பர், சாமி. உங்க மனுவைப் பார்த்து எழுதினதால அதை உளி வெச்சு வேற பெரிசு பண்ணிட்டுப் போயிட்டாங்க. வரி வந்தாலாவது மூடுவாங்கன்னு காத்திருக்கேன். இப்ப உங்க ஒரு கல்லால பட்டியலே விழுந்துடும்னு சொல்றாங்களே. உங்களுக்கு நல்ல மனசா இது?"

மல்லாராத்யா பேசியபோது சாம்பசிவனுக்குக் கோபம் வந்தது. கௌரம்மா பேசியதும் அது அப்படியே வடிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

தீர்ப்பு, அவர் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் படிக்கப்பட்டது. ஏழு நாளைக்குள் குழி எண் ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டு வர வேண்டும். அளவுகள், அவரே சமர்ப்பித்த வரைபடப்படி.

*

தோண்டுகிற வேலைக்கு மண்டலியிடம் நிதி இல்லை. வரி வந்தால்தான் வரும். ஆகவே சாம்பசிவனே தோண்டினார்.

சித்தையன் கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தான். "நான் வேணா ஒரு கை போடறனுங் சாமி, யாருக்குத் தெரியப் போகுது" என்று சொன்னதற்கு, பக்கத்தில் குடையோடு நின்றிருந்த ஆழ்வார், "நம்ம ஊழியர் தனியார் குழியில வேலை செய்யப்படாதுடா. பதிவான பிற்பாடுதான் அது நம்முது" என்றார்.

மூட்டை தூக்குகிற அதே இரண்டு பேர் வந்து துவைக்கிற கல்லைப் புரட்டி ஓரம் தள்ளினார்கள். செங்கல்லையும் ஓட்டுத் துண்டுகளையும் சாம்பசிவன் கூடைகூடையாக வாரிப் போட்டார். ஆழ்வார் முழத்தடியை விட்டுப் பார்த்தார். நீளம் சரி. அகலம் சரி. ஆழம் நாலு அங்குலம் குறைந்தது.

"சேறு ஏழு அங்குலம்னு நீங்கதானே எழுதியிருக்கேள்" என்றார் வருத்தத்தோடு.

சாம்பசிவன் மறுபடி இறங்கினார். இடுப்பளவுக் குழிக்குள் நின்று, தன் கையெழுத்தில் இருந்த ஆழத்துக்காகத் தோண்டினார். எழுதும்போது ஒரு அங்குலம் குறைத்து எழுதியிருக்கலாமே என்று தோன்றியது. முப்பத்தொரு வருஷத்தில் அவருக்கு அப்படித் தோன்றியதில்லை.

உள்ளேயிருந்து அன்னபூர்ணியின் குரல் வந்தது. "என்ன சத்தம் அது?"

ஆழ்வார் சாம்பசிவனைப் பார்த்தார். சித்தையன் தரையைப் பார்த்தான்.

"ரோடு ரிப்பேர் பண்றா" என்றார் சாம்பசிவன்.

சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். சாயங்காலம் அவள் தலையை வாரிக்கொண்டே, தங்கைக்கு என்னென்ன கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் கையோடு அழைத்துப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று மாற்றினார். காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கேட் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது.

ஈரத்துணியோடு ஓடினார்.

அவள் கத்தவில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் முழங்கால் வரை உள்ளே. முழங்காலிலிருந்து கீழே தோல் வழண்டு ரத்தம் சேற்றோடு கலந்திருந்தது. ஒரு செருப்பு போய்விட்டது. தூக்குப்பாத்திரத்துத் தயிர்சாதம் வெள்ளை வட்டத்தின்மேல் சிந்தியிருந்தது.

அவர் அவளைத் தூக்கி நிறுத்தினார். வாயைத் திறந்தார். அதற்குள் அவளே பேசினாள்.

"எண்றப்போ தப்பு பண்ணிட்டேன் போலிருக்குன்னா." குரல் சின்னதாகிவிட்டது. "பதினாலுன்னு நினைச்சு வேற எங்கேயோ காலை வெச்சுட்டேன். இதுவே தப்பினா, வேரும் குழாயும் எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்? எல்லாமே தப்பாத்தான் இருக்கும்."

"தப்பில்லை அன்னம்" என்றார் சாம்பசிவன். "எண்ணினது சரி. நான்தான் வெட்டினேன்."

அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் அவர் கையை விடவில்லை. முடித்த பிறகும் விடவில்லை. அதற்கப்புறம் பதினைந்து நாள் தெருவில் இறங்கவும் இல்லை. விசாலாக்ஷி வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். "கால் நம்ப மாட்டேங்கறது" என்று மட்டும் சொன்னாள் அன்னபூர்ணி. காலண்டரில் மாதத்தின் பெயரும் அந்தப் பதினைந்து நாளில்தான் மறைந்தது.

பதினாறாம் நாள் விடியற்காலை, சாம்பசிவன் அவள் கையில் ஒரு கொம்பைக் கொடுத்தார். "பதினாலு வரைக்கும் எண்ணிண்டு வா. அங்கே நான் இருப்பேன்" என்றார். வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முன்னால் போய்க் குழிக்குள் இறங்கி நின்றார்.

அவள் வந்தாள். பதினான்கில் நின்று, குனிந்து கையை நீட்டினாள். அவர் தலை கிடைத்தது. தலையிலிருந்து தோள். தோளைப் பிடித்துக்கொண்டு, கொம்பால் ஓரம் தட்டிப் பார்த்து, குழியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். பதினைந்து என்று சொன்னது அவர் காதில் விழுந்தது.

*

பிரஸ்தாவம் நிறைவேறியது. வரி வந்தது. முகப்பு முப்பதடி உள்ள சாம்பசிவன், தெருவிலேயே முதல் ஆளாகப் போய்க் கட்டினார். தசராவுக்கு ஊர்வலப் பாதையில் மட்டும் குழிகள்மேல் ஜமுக்காளம் விரித்தார்கள். அரண்மனை விளக்கு ஏற்றிய அன்று அன்னபூர்ணியை அழைத்துப் போய் வெளி மைதானத்தில் நிறுத்தினார். "எரியறதா?" என்று அவள் கேட்டாள். "எரியறது" என்றார்.

வருஷம் திரும்பிய பிறகு, வரிப் பணத்தில் செய்ய வேண்டிய முதல் வேலையாக, பழுதுகளின் இன்றைய நிலையை மறுபரிசீலனை செய்வதென்று மண்டலி முடிவு செய்தது. எண் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள்.

காலை ஆறேகால் மணிக்கு ஆழ்வாரும் சித்தையனும் வந்தபோது, சாம்பசிவன் வழக்கம்போல இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். கால் சேற்றில். வேஷ்டி நனையாமல் மடித்துக் கட்டியிருந்தது. தோளில் ஒரு துண்டு, அவள் கை வழுக்காமல் இருக்க.

"என்ன ஸ்வாமி இது?" என்றார் ஆழ்வார்.

சாம்பசிவன் சொன்னார். ஒளிக்காமல், முறைப்படி, நேரம் உள்பட. காலை ஆறரைக்குப் போகும்போது ஒரு தடவை, எட்டு மணிக்குத் திரும்பும்போது ஒரு தடவை. ஒரு வருஷமாக. மழை நாளில் குடையோடு.

ஆழ்வார் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் கண்ணில் ஏதோ கசிந்த மாதிரிகூட இருந்தது. பிறகு பதிவேட்டைத் திறந்து, மெதுவாக, எழுத்தெழுத்தாக எழுதினார். எழுதியதைச் சித்தையன் பார்த்துப் பார்த்து வாசித்தான்.

"குழி எண் ஒன்று. தினசரி பயன்பாட்டில் உள்ளது. மூட வேண்டிய அவசியமில்லை."

அதிலும் சாம்பசிவனால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நெம்பரைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்காங் சாமி" என்றான் சித்தையன், அவர் முகத்தைப் பார்க்காமல். "கையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் எடுத்துக்கோங்க. பெயிண்ட் ஆயிரும்."

சாம்பசிவன் கையை எடுத்துக்கொண்டார். வெள்ளை வட்டம் அவரைச் சுற்றி மெதுவாக வந்து முடிந்தது. பக்கத்தில் '1' புதிதாகப் பளபளத்தது.

கேட் தாழ்ப்பாள் திறந்தது. கொம்புச் சத்தம் வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. அன்னபூர்ணி நின்று கையை நீட்டி, தலையைத் தேடி, தோளுக்கு வந்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"பெயிண்ட் வாசனை அடிக்கறதே. யாரு?"

"ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கா. நம்பர் போடறா."

"எதுக்கு நம்பர்?"

சாம்பசிவன் தன்னைச் சுற்றியிருந்த ஈர வட்டத்தை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்குத்தான்" என்றார். "ஓரத்துல காலை வைக்காதே. இன்னும் காயலை."

அவள் ஓரம் தட்டிப் பார்த்து, காலை எட்டி வைத்துத் தாண்டினாள். தோளிலிருந்து கை நழுவியது.

பதினைந்து, பதினாறு.